டவர் இல்லை, டவர் வேண்டாம்

எங்கள் ஊரில் "டவர் இல்லை" என்றால் செல்போனில் சிக்னல் இல்லை என்று அர்த்தம். "ஆத்தா, உள்ளே டவர் கிடைக்காது, வளவுக்கு வந்து பேசு" என்று நான் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது கத்துவேன். காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் வரும் ஊர் எங்களுடையது. நூறு வருஷத்துக்கு மேலான வீடு, இரண்டு அடிக்கு மேல் கனமான சுவர், சுண்ணாம்பும் செங்கலுமாக. பட்டாலையில் உட்கார்ந்தால் ஒரு புள்ளி சிக்னல் காட்டும், இரண்டாம் கட்டுக்குப் போனால் அதுவும் போய்விடும். வளவில், அதாவது நடு முற்றத்தில், மட்டும் வானம் திறந்திருப்பதால் மழையும் வெயிலும் விழுகிற மாதிரி சிக்னலும் கொஞ்சம் விழும். அங்கே கிழக்கு ஓரத்தில் மூன்றாவது தூண் பக்கம் நின்றால்தான் சிங்கப்பூரில் இருக்கும் தம்பியின் முகம் வீடியோவில் அசையும், இரண்டடி தள்ளினால் சாமி படம் மாதிரி அப்படியே நின்றுவிடும். ஆத்தா அந்தத் தூணடியில் நிரந்தரமாக ஒரு முக்காலி போட்டு வைத்திருந்தாள்.

இப்படிப்பட்ட தெருவில்தான் 2022 கடைசியில் "டவர் வேண்டாம்" என்று கூட்டம் போட்டோம்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை. முன்பு அங்கே எங்கள் பங்காளி வீடு இருந்தது. பத்துப் பதினைந்து புள்ளிகளுக்கு, அதாவது குடும்பங்களுக்கு, பாத்தியமான வீடு, யாரும் ஓடு மாற்றக்கூடக் காசு போடவில்லை, ஒரு மழையில் இரண்டாம் கட்டு உட்கார்ந்துவிட்டது. அப்புறம் என்ன, பர்மாத் தேக்குத் தூணும் நிலையும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின, மனை மட்டும் சென்னையில் இருக்கும் ஒரு அண்ணனின் பங்குக்கு வந்தது. ஒரு நாள் காலையில் பொக்லைன் வந்து குழி தோண்டியது. கழிவுநீர்த் தொட்டி என்று நினைத்தோம். குழி ஆழமாகிக்கொண்டே போனது, அதில் இறக்கின கம்பியின் தடிமனைப் பார்த்ததும்தான் சந்தேகம் வந்தது. வேலை செய்த பையனைக் கேட்டால், "செல்போன் டவருங்க, 40 மீட்டர்" என்றான். அண்ணனுக்குப் போன் போட்டேன். "ஆமாப்பா, லீசுக்குக் கொடுத்திருக்கேன், வருஷத்துக்கு வரி கட்டக்கூட ஆள் இல்லாத மனை, மாசம் ஏதோ வருது, உனக்கும் டவர் கிடைக்குமில்ல" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் 2020 ஊரடங்கில் சென்னையிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவன் நான், கணக்கு வேலையை மடிக்கணினியில் பார்க்கிறவன், மாசக் கடைசியில் ஜிஎஸ்டி தாக்கல் பண்ண ஊரணிக் கரைக்குப் போய் நிற்கிறவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நடுநிலைக்காரன் கிடையாது.

பிள்ளையார் கோவில் வாசலில் சாயங்காலம் கூட்டம். முப்பது பேர் இருக்கும். கான்சர் வரும் என்றார் ஒருவர். கர்ப்பிணிப் பெண்கள் இருக்கிற தெரு என்றார் இன்னொருவர். சிட்டுக்குருவி அழிந்ததே இதனால்தான் என்று ஓய்வு பெற்ற வாத்தியார் சொன்னார். இடி இறங்கும், டிவி எரிந்துபோகும் என்று ஒரு குரல். இப்படிப் பேசிய அத்தனை பேர் சட்டைப் பையிலும் செல்போன், நடுநடுவே மணி அடித்தால் "அப்புறம் பேசுறேன், இங்க டவர் சரியா இல்லை" என்று சொல்லிக் கட் பண்ணினார்கள். சிரிக்க முடியவில்லை. கலெக்டருக்கு மனு எழுதும் பொறுப்பு, கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று என் தலையில் விழுந்தது. "உயிருக்கு ஆபத்தான கதிர்வீச்சு" என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும் என்று வாத்தியார் ஐயா இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

எழுத உட்கார்ந்தவன், ஒரு வரி எழுதுவதற்கு முன்னால் விதி என்னதான் சொல்கிறது என்று பார்த்துவிடலாமே என்று படிக்க ஆரம்பித்தேன். இரண்டு ராத்திரி போயிற்று.

முதலில் அந்தக் கதிர்வீச்சு என்ற சொல். நமக்கு எக்ஸ்ரேயும் கதிர்வீச்சு, கூடங்குளமும் கதிர்வீச்சு, டவரும் கதிர்வீச்சு. சொல் ஒன்றாக இருப்பதால் பயமும் ஒன்றாகிவிடுகிறது. எக்ஸ்ரே அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி எறியும் சக்தி உள்ளது, அதனால் உடம்பின் மரபணுவை நேராகக் கெடுக்க முடியும். டவரிலிருந்து வருவது ரேடியோ அலை, அதற்கு அந்தச் சக்தி கிடையாது, அளவு அதிகமானால் சூடுபடுத்தும், மைக்ரோவேவ் அடுப்பு மாதிரி. ஆகவே வரம்பு வைக்கிறவர்கள் எல்லோரும் இந்தச் சூட்டைக் கணக்கில் வைத்துத்தான் ஆரம்பிக்கிறார்கள். ஐசிஎன்ஐஆர்பி என்ற சர்வதேசக் குழு சொன்ன வரம்பு 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சதுர மீட்டருக்கு 4.5 வாட். இந்தியா 2008-இல் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. பிறகு 2010-இல் மத்திய அரசு பல அமைச்சகங்களைச் சேர்த்து ஒரு குழு போட்டு, அது சொன்னபடி 2012 செப்டம்பர் 1 முதல் அந்த வரம்பைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. அதாவது 0.45 வாட். எங்கள் ஊர் சித்திரை மத்தியான வெயில் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1000 வாட். வெயிலும் ரேடியோ அலையும் ஒன்றல்ல, அது தெரியும், இருந்தாலும் எண்ணின் அளவு புரிய இது உதவியது.

இன்னொன்று, நாங்கள் பயந்தது டவரின் அடியில் இருப்பதைப் பற்றி. ஆன்டெனா அலையைக் கீழே கொட்டுவதில்லை. கலங்கரை விளக்கம் மாதிரி பக்கவாட்டில், கொஞ்சம் தலை குனிந்தாற்போல், தூரத்துக்கு வீசுகிறது. விளக்கடி இருட்டு என்கிறோமே, அதேதான். தூரம் இரண்டு மடங்கானால் அளவு கால் பங்காகிவிடும். ஆன்டெனாவுக்கு நேர் எதிரே, அதே உயரத்தில், பக்கத்தில் மாடி இருந்தால்தான் கவலை. தொலைத்தொடர்புத் துறை 2013-இல் மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுரையில் இதைத்தான் சொல்லியிருக்கிறது: ஆன்டெனாவுக்கு நேர் எதிரே அதே உயரத்தில் கட்டடம் இருந்தால் 20 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், ஆன்டெனா இரண்டானால் 35 மீட்டர், எண்ணிக்கை கூடக்கூட தூரமும் கூடும். எங்கள் தெருவில் அந்த உயரத்துக்கு எதுவும் இல்லை. முகப்பு மாடமும் கோவில் விமானமும் சேர்ந்தால்கூடப் பாதி வராது. காரைக்குடியில் அடுக்குமாடிக்கு எதிர் மாடியில் டவர் வைத்திருக்கிற இடங்களில் கேட்க வேண்டிய கேள்வி அது.

பிறகு படித்ததுதான் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. சிக்னல் பலவீனமாக இருக்கும் இடத்தில் போன் தன் பலத்தையெல்லாம் திரட்டி அலையை அனுப்பும், டவர் பக்கத்தில் இருந்தால் மெல்லப் பேசினால் போதும் என்று தானே அடக்கிக்கொள்ளும். பழைய 2ஜி போன் அதிகபட்சமாக 2 வாட் வரை போகக்கூடியது. அந்த 2 வாட் நாற்பது மீட்டர் உயரத்தில் இல்லை, காதோடு ஒட்டி இருக்கிறது. ஆத்தா மூன்றாவது தூணடியில் ஒரு புள்ளி சிக்னலில் முக்கால் மணி நேரம் பேசுகிறாளே, அவள் தலைக்குப் பக்கத்தில் இருக்கிற போன்தான் அந்த வீட்டிலேயே அதிகமாக உழைத்துக்கொண்டிருந்தது. போனுக்கும் வரம்பு உண்டு: உடம்பில் ஒரு கிராம் திசு உள்வாங்கும் சக்தியைக் கணக்கிட்டுக் கிலோவுக்கு 1.6 வாட். *#07# என்று அழுத்தினால் பல போன்களில் அந்த எண் திரையிலேயே வரும். அன்றைக்கே ஆத்தாவின் போனில் அழுத்திப் பார்த்தேன், வரம்புக்குள்தான் இருந்தது, இருந்தாலும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசச் சொன்னேன். அதன் பலனாகத் தம்பி வீட்டு மாமியார் சண்டை தெரு முழுக்கக் கேட்டது, அது வேறு கதை.

அப்படியானால் கான்சர் என்று சொன்னவர் பொய்யா சொன்னார்? இல்லை, அவர் சொன்னதற்கு ஒரு வேர் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இருக்கும் புற்றுநோய் ஆய்வு முகமை 2011 மே மாதம் ரேடியோ அலையை 2பி என்ற பட்டியலில் சேர்த்தது. புற்றுநோய் உண்டாக்கலாம், ஆதாரம் போதாது என்று பொருள். அதே பட்டியலில் ஆசியப் பாணியில் ஊறவைத்த காய்கறியும் சோற்றுக்கற்றாழை முழு இலைச் சாறும் இருக்கின்றன. தினம் காலையில் வெறும் வயிற்றில் கற்றாழைச் சாறு குடிக்கிற வாத்தியார் ஐயாவிடம் இதைச் சொன்னேன், இரண்டு நாள் பேசவில்லை. பின்னால் 2024-இல் அதே உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில் 63 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்று சொன்னார்கள். அந்தப் பேப்பர் கட்டிங்கை அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், நீல டிக் மட்டும் வந்தது.

நீதிமன்றம் போனவர்களும் இருக்கிறார்கள். குவாலியரில் வீட்டு வேலை பார்த்த ஒருவர், பக்கத்து மாடி டவரால்தான் தனக்குப் புற்றுநோய் வந்தது என்று உச்ச நீதிமன்றம் போனார். 2017-இல் அந்த டவரை ஏழு நாளில் நிறுத்தச் சொன்னது நீதிமன்றம். அதற்கு முன் 2012-இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து டவர்களை எடுக்கச் சொன்னது. நான் படித்த அறிவியலும் இந்தத் தீர்ப்புகளும் ஒரே பக்கம் நிற்கவில்லை. எனக்கு அறிவியல் பக்கம்தான் மனம் சாய்கிறது, ஆனால் நோயில் கிடக்கிறவனிடம் போய் 0.45 வாட் கணக்கு சொல்ல எனக்கு வாய் வராது.

குருவி விஷயத்தில் மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பறவைக்கும் தேனீக்கும் பாதிப்பு உண்டா என்று பார்க்கச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குழு அமைத்தது உண்மை, இருக்கிற டவரிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இன்னொன்று வேண்டாம் என்று 2012-இல் அறிவுரை சொன்னதும் உண்மை. ஆனால் எங்கள் தெருவில் டவர் வருவதற்கு இருபது வருஷம் முன்னாலேயே குருவி போய்விட்டது. சின்ன வயதில் வளவு முழுக்க நெல் காயும், படத்துக்குப் பின்னால் குருவி கூடு கட்டும், எங்கள் ஐயா விரட்டவும் மாட்டார். இப்போது தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. யார் நெல் காயப்போடுகிறார்கள், குருவி எதைக் கொத்தும்?

சரி, உண்மையிலேயே கோபப்பட வேண்டிய இடம் எது என்று பார்த்தால், அது வேறு எங்கோ இருந்தது. எங்கள் பஞ்சாயத்தில் போய் "எப்படி அனுமதி கொடுத்தீர்கள்" என்று கேட்டோம். அங்கே இருந்தவர், "நாங்க எங்கங்க கொடுத்தோம், தகவல்தான் வந்தது" என்று ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். தட்டிக்கழிக்கிறார் என்று நினைத்தோம். அவர் சொன்னது சரி. கேபிள் பதிக்கவும் டவர் வைக்கவும் இடம் பெறுவது பற்றிய மத்திய அரசின் வழியுரிமை விதிகள் 2016-இல் வந்தன. 2022 ஆகஸ்டில் அதில் ஒரு திருத்தம். தனியார் இடத்தில் டவர் வைப்பதாக இருந்தால் உள்ளூர் அமைப்பிடம் அனுமதி தேவையில்லை, கட்டட உறுதிச் சான்றுடன் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்தால் போதும். 5ஜி சீக்கிரம் வர வேண்டும், அலைக்கழிக்கும் மனுக்களுக்கெல்லாம் காத்திருக்க முடியாது என்பதுதான் காரணம். அந்த விதிகளுக்குத் தாய்ச் சட்டம் 1885-ஆம் வருஷத் தந்திச் சட்டம். வெள்ளைக்காரன் மாண்டலேயைப் பிடித்த அதே வருஷம். எங்கள் பாட்டன்மார் கப்பலேறிப் போய் வட்டிக்கடை வைத்துத் தேக்கு கொண்டுவந்து இந்த வீடுகளைக் கட்டின காலத்துச் சட்டம், அந்தத் தேக்கு போன மனையில் டவரும் அதே சட்டத்தின் பெயரில் எழும்பியது. இப்போது 2023-இல் புதுத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்து, அதன் கீழ் 2025 ஜனவரி 1 முதல் புது விதிகள்.

எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். வரம்பு கறாரானது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சரிபார்ப்பது யார்? கம்பெனியே அளந்து, கம்பெனியே சான்று எழுதி, தொலைத்தொடர்புத் துறையின் மாநில அலுவலகத்தில் கொடுக்கிறது. வருஷத்துக்கு அதிகபட்சம் பத்து சதவீத டவர்களைத் துறை தானாகப் பொறுக்கிச் சோதிக்கிறது. மீறினால் அபராதம் ஒரு டவருக்கு 10 லட்சம் வரை என்று 2013-இல் உயர்த்தினார்கள். பொதுமக்கள் பார்க்க 2017 மே மாதம் தரங் சஞ்சார் என்று ஓர் இணையதளம் திறந்தார்கள், அதில் உங்கள் ஊர் டவரைத் தேடி வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்கலாம், நம்பிக்கை இல்லையென்றால் 4000 ரூபாய் கட்டினால் அதிகாரிகளே வந்து அளந்து காட்டுவார்கள். நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் இதை எங்களுக்கு யார் சொன்னார்கள்? தெருவில் ஒரு போர்டு கிடையாது. குழி தோண்டுவதற்கு முன் ஒரு துண்டுச்சீட்டு கிடையாது. கேட்காமல் கொண்டுவந்து வைத்தால் வாட்ஸ்அப்பில் வருவதைத்தானே ஜனங்கள் நம்பும். பயத்தை வளர்த்ததில் பாதிப் பங்கு இந்த வாய்மூடித்தனத்துக்கு.

மனுவில் கான்சரை எடுத்துவிட்டேன். நாலு விஷயம் மட்டும் கேட்டேன்: உறுதிச் சான்றின் நகல், சுய சான்றின் நகல், ஜெனரேட்டர் எங்கே வைக்கப்போகிறார்கள் என்பது, ஆன்டெனா எந்தத் திசை பார்க்கிறது என்பது. உறுதிச் சான்று எதற்கு என்றால், 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டைப் பக்கம் என்ன செய்தது என்று நாங்கள் பார்த்தவர்கள், 40 மீட்டர் இரும்பு சாய்ந்தால் அது விழுகிற இடத்தில் முட்டைச் சாந்து பூசின எங்கள் வீட்டுக் கட்டு இருக்கிறது. கையெழுத்து வாங்கப் போனால் பாதிப் பேர், "என்னப்பா, மனுவிலே காரமே இல்லை" என்று முகம் சுளித்தார்கள். பதினோரு பேர் போட்டார்கள்.

இதற்கு நடுவில் இன்னொன்றும் நடந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் டவர் வருகிற செய்தி பரவினதும், பக்கத்துத் தெரு ஆச்சி ஒருவருக்குப் போன் வந்தது: உங்கள் மாடியிலும் டவர் வைக்கிறோம், பல லட்சம் முன்பணம், அதற்கு முன்னால் டிராய்க்கு, அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு, வரி கட்ட வேண்டும். அனுமதிக் கடிதம் என்று அசோகச் சின்னம் போட்ட ஒரு தாளும் வாட்ஸ்அப்பில் வந்தது. ஆச்சி பணத்தைக் கட்டிவிட்டு மறுநாள்தான் என்னிடம் காட்டினார். டவர் வைப்பதற்கு டிராயோ தொலைத்தொடர்புத் துறையோ யாரிடமும் ஒரு பைசா வாங்குவதில்லை, அனுமதிக் கடிதமும் கொடுப்பதில்லை. டிராயே பல தடவை அறிவித்திருக்கிறது. ஓட்டு வீட்டு மாடியில் எந்தக் கம்பெனி டவர் வைக்கும், அதையாவது யோசித்திருக்கலாம். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடித்துப் புகார் கொடுத்தோம். பணம் வரவில்லை. பூட்டின வீடும் வெளியூர்ப் பிள்ளைகளும் தனியாக இருக்கிற பெரியவர்களுமாக இருக்கிற ஊர் என்பதால் இந்தக் கும்பலுக்கு நம் பக்கம் நல்ல அறுவடை, வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

மனுவுக்கு இரண்டு மாதம் கழித்து ஆள் வந்தது. உறுதிச் சான்று நகல் கிடைத்தது. மற்றதற்கு "இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள், பார்த்தேன், டவர் எழும்பின பிறகு வரம்புக்குள் என்றுதான் காட்டுகிறது. ஜெனரேட்டரை எங்கள் பின்கட்டுச் சுவரை ஒட்டி வைப்பதாக இருந்தது, மனையின் அந்தக் கோடிக்கு மாற்ற ஒப்புக்கொண்டார்கள். எனக்கு அது பெரிய வெற்றி. குடியிருப்புப் பகுதியில் ராத்திரி பத்து மணிக்கு மேல் 45 டெசிபெலுக்குள் சத்தம் இருக்க வேண்டும் என்று 2000-ஆம் வருஷ விதி இருக்கிறது, அதைக் காட்டித்தான் பேசினேன்.

கோடிக்கு மாற்றினாலும், கரண்ட் போனால் அது உறுமுகிற உறுமலில் சமையல்கட்டுப் பித்தளைச் சாமான் லேசாகக் கிணுகிணுக்கும். மூடி போட்டுத் தருகிறோம் என்று சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு மறுபடி ஓடியது. ஆத்தா எழுந்து உட்கார்ந்து, "உன் டவர் இருமுதுடா" என்றாள். பின்கட்டில் நின்று சத்தத்தை வீடியோ எடுத்து, டவர் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் தம்பிக்கு அனுப்பினேன். முன்பெல்லாம் பின்கட்டிலிருந்து ஒரு போட்டோ போகாது. வீடியோ ஒரு நொடியில் போய்விட்டது, அஞ்சு புள்ளியும் நிறைந்து நின்றது. "காலைல வந்து பார்க்கிறேன் சார்" என்று அவனும் உடனே பதில் போட்டான்.

இதை எழுதும்போது மணி சாயங்காலம் நாலு. இன்னும் வரவில்லை.